ஜிப்சி, ஜீப் ஸ்டீயரிங் வெறிபிடித்ததுபோல் ஆடினால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிகாட்டி

ஒரு பாலத்தின் இணைப்புப் பட்டையை மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தபோதுதான் என் ஜிப்சியின் ஸ்டீயரிங் முதன்முதலாக அப்படி ஆடியது. முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி அடித்தன. ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. வண்டி முழுவதும் உதறியது. வேகம் முப்பதுக்குக் கீழே இறங்கும்வரை அது நிற்கவே இல்லை. கோவை நீலம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலையில், பின்னால் ஒரு லாரி நெருங்கி வந்துகொண்டிருந்த நிலையில் அது நடந்தது. அன்று பக்கத்து இருக்கையில் என் மகள் இருந்தாள்.

அதன்பின் மூன்று மாதங்கள் அலைந்தேன். ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் டேம்பருக்கு ரூ.3,200, மூன்று முறை அலைன்மென்ட் பார்த்ததற்கு ரூ.2,100, இரண்டு புது டயர்களுக்கு ரூ.12,600 என ரூ.17,900 செலவான பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. உண்மையான கோளாறு, முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங்கிலும், இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் ஒரு முனையிலும் (டை ராடு எண்டு) இருந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு, கூலி உட்பட, ரூ.11,600. எதை முதலில் பார்க்க வேண்டும், எதை இறுதியில் தொட வேண்டும் என்ற வரிசை தெரிந்திருந்தால் அந்த முதல் தொகை மிச்சமாகியிருக்கும். பழைய ஜிப்சியோ ஜீப்போ புதிதாக வாங்கியிருக்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை முன்புறத்தில் சாலிட் ஆக்சில் உள்ள வண்டிகளுக்கு, அதாவது இரண்டு முன்சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சில் இணைந்திருக்கும் வண்டிகளுக்குப் பொருந்தும். மாருதி ஜிப்சி, பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய மஹிந்திரா ஜீப்புகள், ஜிம்னி, ஜீப் ராங்லர் ஆகியவை இந்த வகை. 2020 முதல் வரும் தார் போன்று முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளின் கட்டமைப்பு வேறு என்பதால், அவற்றுக்கு இந்த வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

1. ஆட்டம் தொடங்கிய நொடியில் செய்ய வேண்டியது

ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் உறுதியாகப் பிடியுங்கள். ஆனால் ஆட்டத்துக்கு எதிராக மல்லுக்கட்ட வேண்டாம். கட்டைவிரல்களை ஸ்டீயரிங் வளையத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வளையம் சட்டென்று திரும்பும்போது உள்ளே மாட்டிய விரல் முறிந்துவிடக்கூடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி நேராகச் செல்வதைப் பார்த்துக்கொண்டே பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். ஒரே மிதியாகப் பிரேக் அடித்தால் வண்டியின் எடை முன்னச்சின் மேல் அதிகமாகச் சாய்ந்து ஆட்டத்தை இன்னும் மோசமாக்கும். அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, வேகம் குறைந்ததும் இடது ஓரத்தில் நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் வீல் நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். டை ராடு ஏதும் கழன்று தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். எல்லாம் இடத்தில் இருந்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அருகிலுள்ள பட்டறைவரை ஓட்டிச் செல்லலாம். ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தாலும் வண்டியை ஓட்டாமல், நான்கு சக்கரங்களையும் மேலேற்றிக்கொள்ளும் தட்டையான மீட்பு வண்டியை அழையுங்கள்.

2. இது எந்த வகை அதிர்வு என்பதை முதலில் பிரித்தறியுங்கள்

எல்லா ஸ்டீயரிங் அதிர்வும் ஒன்றல்ல. தவறான சிகிச்சை இங்கேதான் தொடங்குகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் மெல்லிய நடுக்கம் வந்து, அந்த வேகத்தைத் தாண்டியதும் அடங்கினால், அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் குறைபாடு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, குழியிலோ பாலத்தின் இணைப்பிலோ ஏறி இறங்கிய உடனே கட்டுக்கடங்காமல் ஆடி, வேகத்தை வெகுவாகக் குறைத்தால் மட்டுமே நிற்கிறது என்றால், நாம் பேசிக்கொண்டிருக்கும் கோளாறு அதுதான்.

இது நடக்கும் விதம் எளிது. நேராக உருளும் முன்சக்கரத்தை ஒரு மேடு பக்கவாட்டில் தட்டினால், அது சற்றுத் திரும்பி மீண்டும் நேர்நிலைக்கு வரும். அதைத் தாங்கிப் பிடிக்கும் மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் அசைவு அங்கேயே அடங்கிவிடும். மூட்டுகளில் தளர்வு இருந்தால் சக்கரம் நேர்நிலையைத் தாண்டி மறுபக்கம் போகும். டை ராடால் இணைந்திருப்பதால் மற்றச் சக்கரத்தையும் இழுத்துச் செல்லும். வண்டியின் ஓட்டமே அந்த அசைவுக்குத் தொடர்ந்து விசை ஊட்டும். ஆகவே இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அசைவைத் தொடங்கி வைத்தது எது, அதை அடங்கவிடாமல் செய்தது எது? டயரை மாற்றினால் முதல் கேள்விக்கு மட்டும்தான் விடை கிடைக்கும். தளர்வைக் கண்டுபிடித்தால்தான் நோய் தீரும்.

3. பட்டறைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்டம் வந்தபோது இருந்த வேகம், சாலையின் தன்மை, வண்டியில் இருந்த சுமை, டயரின் காற்றழுத்தம், அதற்குச் சற்று முன்பு ஏதேனும் வேலை செய்திருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "சமீபத்தில் என்ன மாற்றினீர்கள்?" என்ற கேள்விக்கான விடையே பல நேரங்களில் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டை ஸ்பிரிங்கின் முனையை வண்டியின் சட்டத்தோடு (சேசிஸ்) இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்கியது, அகலமான டயர் போட்டது, அலாய் வீல் மாட்டியது, பட்டை ஸ்பிரிங் சேர்த்தது என எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆர்.சி. நகல், பழைய பில்கள், முந்தைய அலைன்மென்ட் கடையில் தந்த அச்சுத் தாள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டையும் மாடலையும் காட்டி உதிரிபாகம் கேட்டால் கடைக்காரர் தவறான பாகத்தை எடுத்துத் தருவது குறையும். ஜிப்சியில் பழைய, புதிய மாடல்களுக்கிடையே சில பாகங்கள் மாறும் என்பதால் இது மிக முக்கியம்.

வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், சர்வீஸ் மையத்தில் ஜாப் கார்டில் "ஸ்டீயரிங் அதிர்வு" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில் மேட்டில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் கடுமையாக ஆடுகிறது, 30-க்குக் கீழே இறங்கினால்தான் நிற்கிறது" என்று முழுமையாக எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் சர்வீஸ் ஆலோசகரையே பக்கத்தில் உட்காரவைத்து, ஆட்டம் வரும் சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். "கோளாறு தென்படவில்லை" என்ற ஒரு வரியோடு வண்டி திரும்பி வருவதைத் தடுக்க இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

4. செலவில்லாத சோதனை: டயரும் சக்கரமும்

காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது அளந்து, கையேட்டில் உள்ளபடி நான்கிலும் வையுங்கள். முன்டயர்களின் மேற்பரப்பை உள்ளங்கையால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ரம்பப் பல்போல ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும் மறுதிசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையில் துள்ளுகிறது. ஓரிடத்தில் புடைப்பு இருந்தால் உள்ளே பட்டைகள் பிரிந்துவிட்டன. அந்த டயரை உடனே மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 1719 என்றால் 2019-ஆம் ஆண்டின் 17-ஆவது வாரம். மேற்பரப்புப் பட்டன் நன்றாக இருப்பதாலேயே பழைய டயரை நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு, ஆளில்லாத சாலையில் கவனமாக ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். ஆட்டத்தின் தன்மையும் அது தொடங்கும் வேகமும் மாறினால் டயருக்கும் இதில் பங்குண்டு. எதுவும் மாறவில்லையென்றால், புது டயர் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். நான் இந்த அரை மணி நேரத்தைச் செலவிடாததால்தான் ரூ.12,600 கொடுத்து டயர் வாங்கினேன்.

வெளிச்சந்தை அலாய் வீல் போட்டிருந்தால், அதன் நடுத்துளை, சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பின் மேல் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். துளை பெரிதாக இருந்தால் சக்கரத்தை நடுநிலையில் வைக்கும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின் மேல் விழும். நட்டுகளை எதிரெதிர் வரிசையில், சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது முதலில் சீராக முடுக்கி, பிறகு இறக்கி, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் இறுதி முறுக்கு கொடுக்க வேண்டும்.

5. இரண்டு பேர் சேர்ந்து செய்யும் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். வண்டி சமதளத்தில், நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கட்டும். ஜாக்கி வைக்க வேண்டாம், ஏனெனில் எடை தாங்கும்போது மட்டுமே சில தளர்வுகள் வெளிப்படும். பவர் ஸ்டீயரிங் இல்லாத ஜிப்சியென்றால் இன்ஜினை அணைத்துவிடலாம். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் இன்ஜின் ஓட வேண்டும். அப்போது கியர் நியூட்ரலில் இருக்க, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே அடியில் கைவிட வேண்டும்.

ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக, சக்கரம் திரும்பத் தொடங்கும் அளவுக்கு மட்டும், விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் கீழே அமர்ந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. தொட்டுப் பார்க்க வேண்டும். டை ராடு எண்டின் மூடியின் மேல் ஒரு விரலையும் அது இணையும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) கையின் மேல் இன்னொரு விரலையும் வையுங்கள். இரண்டும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நல்லது. ஒன்று அசைந்து, ஒரு கணம் கழித்து மற்றொன்று அசைந்தாலோ, விரலுக்கு அடியில் "டிக்" என்று ஒரு தட்டல் தெரிந்தாலோ அந்த மூட்டு போய்விட்டது. என் வண்டியில் இடப்பக்க டை ராடு எண்டு கண்ணுக்குப் புதிதுபோலவே இருந்தது. ரப்பர் உறைகூடக் கிழியவில்லை. விரல் வைத்தபோதுதான் அந்தத் தட்டல் தெரிந்தது.

ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து தொடங்கி இந்த வரிசையில் போங்கள்: பாக்ஸைச் சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பாக்ஸின் கை, அந்தக் கையின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிராக் லிங்கின் இரண்டு முனைகள், டை ராடின் இரண்டு முனைகள். பாக்ஸின் போல்ட்டுகளைப் பார்க்கும்போது சேசிஸ் தகட்டையும் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயரோடு காட்டுப் பாதையில் ஓடிய வண்டிகளில் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு; அதன் மேல் படிந்த சேறு அதை மறைத்துவிடும்.

ஸ்டீயரிங்கை ஆட்டும்போது, சக்கரம் திரும்பாமலேயே வளையம் மட்டும் நகரும் தூரத்தையும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். வளையத்தின் விளிம்பில் அது 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் பாக்ஸிலோ ஸ்டீயரிங் தண்டின் இணைப்பிலோ தேய்மானம் இருக்கிறது. உடனே பாக்ஸின் மேலுள்ள அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைத் திருகிவிடச் சொல்லாதீர்கள். அதை அளவுக்கு மீறி முடுக்கினால் நேர்நிலையில் ஸ்டீயரிங் சிக்கி, வளைவு முடிந்தபின் தானாகத் திரும்பாது.

6. சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும் சோதனை

பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னச்சின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவிடக் கூடாது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து, ஒன்றைத் தள்ளி மற்றதை இழுங்கள். அசைவு தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் அசைவு மறைந்தால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிரேக் பிடித்த பின்னும் அசைந்தால் தளர்வு கிங்பின்னில் இருக்கிறது. ராங்லர் போன்ற வண்டிகளில் அது பால் ஜாயிண்டாக இருக்கும். இரு பக்கங்களிலும் இதைச் செய்யுங்கள்.

7. கிங்பின் பேரிங்: அதிகம் புறக்கணிக்கப்படும் இடம்

ஜிப்சி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். முன்சக்கரம் திரும்பும் அந்தப் பெரிய உருண்டை நக்கிளின் மேலும் கீழும் ஒவ்வொரு கிங்பின். ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப்பர் பேரிங். இரு பக்கமும் சேர்த்து நான்கு பேரிங்குகள். கிங்பின்னுக்கு அடியில் வைக்கப்படும் மெல்லிய ஷிம் தகடுகளே அந்தப் பேரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. தகட்டை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். இந்த இறுக்கம்தான் சக்கரத்தின் பக்கவாட்டு அசைவை அடக்கும் இயற்கையான தடை. பேரிங் தேயத் தேய அந்தத் தடை போய்விடும். முந்தைய சோதனையில் கைக்கு அசைவு தெரியாத நிலையிலும் தடை முழுவதுமாக இல்லாமல் போயிருக்கலாம் என்பதால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

என் வண்டியின் நக்கிளைப் பிரித்த நாளன்று, கீழ்ப் பேரிங்கின் வெளிவளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி மெக்கானிக் என் கையில் கொடுத்தார். அதன் உட்புறத்தில், உருளைகள் நின்ற இடத்தில் எல்லாம் நகத்தால் கீறியதுபோல் வரிசையாகக் கோடுகள் பதிந்திருந்தன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருளைகள் எப்போதும் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கி ஏற்படுத்திய பள்ளங்கள் அவை. பேரிங்கைப் பொருத்தி விரலால் திருப்பினால் அந்தப் பள்ளத்தில் விழுந்து "கடக்" என்று நின்றது. அப்படிப் பள்ளம் விழுந்த பேரிங்கில் ஷிம்மைக் குறைத்து இறுக்குவதில் பயனில்லை. பேரிங், வெளிவளையம் இரண்டையும் ஜோடியாக மாற்றத்தான் வேண்டும்.

வேலை நடக்கும்போது அருகில் நின்று இவற்றைக் கவனியுங்கள். இடது, வலது, மேல், கீழ் என நான்கு கிங்பின்களையும் அவற்றின் ஷிம்களோடு தனித்தனிப் பையில் போட்டு எழுதி வைக்க வேண்டும். கலந்துவிட்டால் மறுபடியும் எல்லாவற்றையும் அளக்க வேண்டியிருக்கும். வெளிவளையத்தைச் சுத்தியலால் நேரடியாக அடித்து ஏற்றக் கூடாது. சரியான அளவுள்ள குழாயோ பிரஸ்ஸோ வேண்டும். பொருத்திய பிறகு டை ராடை இணைக்காமல், நக்கிளின் ஆயில் சீலையும் தளர்த்திவிட்டு, டை ராடு மாட்டும் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு, நக்கிள் கைக்குச் செங்குத்தாக இழுத்து, அது நகரத் தொடங்கும் விசையை அளக்க வேண்டும். சுசுகியின் இந்த வகை அச்சுக்குக் கையேட்டில் உள்ள அளவு சுமார் 1 முதல் 1.8 கிலோ. "கையால் ஆட்டிப் பார்த்தேன், டைட்டாக இருக்கிறது" என்ற பதிலை ஏற்காதீர்கள். மீன் எடைபோடும் சாதாரணக் கொக்கித் தராசே போதும். நான் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நக்கிளைத் திறந்ததும் உள்ளே உள்ள கிரீஸைப் பாருங்கள். அது கெட்டியாக இல்லாமல் எண்ணெயாக வழிந்தால், டிஃபரன்ஷியல் எண்ணெய் உள் ஆயில் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. துருப்பிடித்த தண்ணீர் இருந்தால் ஆற்றில் இறக்கிய வண்டி. இரண்டு நிலையிலும் சீல்களை மாற்றாமல் புதுப் பேரிங் போடுவது வீண். சில நூறு ரூபாய் சீலுக்காக இரண்டு நாள் கூலியை இன்னொரு முறை கொடுக்க நேரும்.

8. பட்டை ஸ்பிரிங், குறுக்குத் தண்டு, காஸ்டர்

ஸ்டீயரிங் மூட்டுகள் நன்றாக இருந்தும் ஆட்டம் நிற்காவிட்டால், அச்சே வண்டிக்கு அடியில் நகர்கிறதா என்று பாருங்கள். ஜிப்சியிலும் பழைய ஜீப்புகளிலும் பட்டையின் முனைத்துளையில் உள்ள ரப்பர் புஷ்கள், ஷாக்கிள் புஷ்கள், யு போல்ட்டுகள், நடுப் போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். ஐந்தாவது படியில் ஸ்டீயரிங்கை ஆட்டும்போதே பட்டையோ ஷாக்கிளோ பக்கவாட்டில் நெளிந்தால் புஷ் போய்விட்டது. ஜிம்னி, ராங்லர் போன்ற காயில் ஸ்பிரிங் வண்டிகளில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது ஒரே ஒரு குறுக்குத் தண்டு. அதைப் பானர்ட் ராடு என்றும் டிராக் பார் என்றும் சொல்வார்கள். அந்த வகை வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதன் புஷ்ஷை மட்டுமல்லாமல் போல்ட் போகும் துளையையும் பாருங்கள். துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் புதுப் போல்ட் போட்டு முடுக்கினாலும் தளர்வு திரும்ப வரும். நல்ல வெல்டரிடம் கொடுத்துத் துளையைச் சரிசெய்ய வேண்டும்.

புஷ் மாற்றிய பிறகு, அந்தப் போல்ட்டுகளின் இறுதி முறுக்கை வண்டி தரையில் தன் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முடுக்கிவிட்டு இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

காஸ்டர் என்பது கிங்பின்னின் மேல்முனை வண்டியின் பின்புறம் நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதால் அது நேராக ஓட விரும்புவதைப் போல, இந்தச் சாய்வே சக்கரத்தை நேர்நிலைக்குத் திருப்புகிறது. ஜிப்சியில் முன் ஷாக்கிள் பட்டையின் முன்முனையில் இருப்பதால், வண்டியை உயர்த்த நீண்ட ஷாக்கிள் போட்டால் அச்சு முன்னோக்கிக் கவிழ்ந்து காஸ்டர் குறைந்துவிடும். வாங்கிய வண்டியில் முந்தைய உரிமையாளர் இதைச் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். என் ஆலோசனை, பழைய நீளத்துக்கே திரும்பிவிடுவது. உயரம் கட்டாயம் வேண்டுமென்றால் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே எஃகு ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைத் திருப்பலாம். ஆனால் அதனால் முன்னச்சுக்கு விசை கடத்தும் புரொபெல்லர் ஷாஃப்டின் மூட்டு அதிகக் கோணத்தில் வேலைசெய்ய வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

9. அலைன்மென்ட்டும் டேம்பரும் இறுதியில்தான்

தளர்வுகள் இருக்கும்போது பார்க்கும் அலைன்மென்ட், மறுநாளே மாறிவிடும். எல்லா மூட்டுகளும் சரியான பிறகே அந்தக் கடைக்குச் செல்லுங்கள். ஜிப்சி போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் அவர்களால் நேரடியாக மாற்ற முடிந்தது டை ராடின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து வைக்கும் டோ அளவு மட்டுமே. காஸ்டரையும், சக்கரம் செங்குத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணமான கேம்பரையும் அளந்து காட்ட முடியும். திருகி மாற்ற முடியாது. ஆகவே வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் கொண்ட அச்சுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். காஸ்டர் எண்ணைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். கடையைவிட்டுக் கிளம்பும் முன் டை ராடின் லாக் நட் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

ஸ்டீயரிங் டேம்பர் தேவையான பாகம்தான். எண்ணெய் கசிந்தால் மாற்றுங்கள். ஆனால் அதை மருந்தாக விற்க வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். புதிய டேம்பர் தளர்வை மறைத்துச் சில வாரங்கள் ஆட்டத்தை அடக்கும். உள்ளே மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும். டேம்பர் சோர்ந்ததும் ஆட்டம் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். எனக்கு அது ஐந்து வாரத்தில் நடந்தது. நல்ல நிலையிலுள்ள முன்னச்சு, டேம்பரைக் கழற்றிவிட்டாலும் வெறிபிடித்து ஆடக் கூடாது என்பதே அளவுகோல்.

10. செலவும் நாட்களும்

என் பில்லில் இருந்தபடி: கிங்பின் பேரிங் நான்கு ரூ.2,600, நக்கிள் சீல் தொகுப்பு இரண்டு ரூ.1,400, டை ராடு எண்டு இரண்டு ரூ.1,500, உள் ஆயில் சீல், ஷிம், கிரீஸ் ரூ.900, கூலி ரூ.4,500, அலைன்மென்ட் ரூ.700. உங்கள் ஊரிலும் உங்கள் வண்டியிலும் இது கூடக்குறைய இருக்கும். ராங்லருக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

சோதனைக்கு அரை நாள், வேலைக்கு இரண்டு முழு நாட்கள். ஆனால் பாகம் கிடைப்பதற்குத்தான் நாள் ஆகும் என்பதால், பாகங்கள் அனைத்தும் கைக்கு வந்த பிறகே வண்டியைப் பிரிக்க விடுங்கள். ஜிப்சியின் தயாரிப்பு நின்றுவிட்டதால் சில பாகங்களுக்கு ஒரு வாரம் காத்திருக்க நேர்ந்தது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் உதவும். புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய பாகங்கள் கிடைக்கும். நக்கிள், ஸ்டீயரிங் கை போன்ற கனமான வார்ப்புகளை அங்கே பார்த்து வாங்கலாம், ஆனால் பேரிங், டை ராடு எண்டு, சீல் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. பேரிங்கை எண்ணைப் பார்த்து, பில்லோடு, நம்பகமான பேரிங் கடையிலேயே வாங்குங்கள்; பெட்டியை மட்டும் அசல்போல அச்சிட்டுப் போலிப் பேரிங்கை உள்ளே வைத்து விற்பது நடக்கிறது.

பில்லில் பாகத்தின் எண்ணும் வேலையின் விவரமும் தனித்தனியாக இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

11. அரசு ஆவணங்கள் தொடர்பான எச்சரிக்கை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பெரிய டயரும் உயர்த்திய சஸ்பென்ஷனும் ஆட்டத்துக்குக் காரணமாவதோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பவும் இடம்தரும். என் ஜிப்சியில் இருந்த அகலமான டயர்களை நீக்கிவிட்டு 205/70 ஆர்15 அளவுக்கே திரும்பினேன்.

வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறையப் போகிறதென்றால், பதிவைப் புதுப்பிக்கும் படிவம் 25-ஐ, காலாவதி நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னரிலிருந்துதான் அளிக்க முடியும். வண்டியை நேரில் ஆய்வு செய்த பின்பே புதுப்பிப்பார்கள். எனவே இந்த வேலையை அந்த 60 நாள் தொடங்கும் முன்பே முடித்துவிட்டால், பாகத்துக்குக் காத்திருக்கும்போது ஆர்.சி. காலாவதியாகிவிடும் நெருக்கடி வராது.

12. வேலை முடிந்த பிறகு

முதல் ஓட்டத்தில் வேகத்தை மணிக்கு 40 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொண்டு, பத்து கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, இரு பக்க ஹப்பையும் கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து வீல் பேரிங் அதிக இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. பிறகு வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, முன்பு ஆடிய அதே இடத்தை, பின்னால் வண்டி வராத நேரத்தில் கடந்து பாருங்கள். நான் விடிகாலை ஐந்தரைக்கு அந்தப் பாலத்துக்குப் போனேன். இணைப்புப் பட்டையில் சக்கரம் ஏறி இறங்கியபோது ஸ்டீயரிங் ஒருமுறை மெல்லத் துடித்து அப்படியே அடங்கியது.

500 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகள், கிங்பின் போல்ட்டுகள், யு போல்ட்டுகள் ஆகியவற்றை மீண்டும் டார்க் ரென்ச்சால் சரிபார்க்கச் செய்யுங்கள். புதிய பாகங்கள் உட்கார்ந்த பிறகு சற்றுத் தளர்வது இயல்பு. அதே வருகையில் டை ராடு, டிராக் லிங்க் முனைகளின் நட்டுகள் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்கள் நான்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட்டிருந்தால் அங்கேயே புதியதாக மாற்றச் சொல்லுங்கள்.